30 லட்சம் கொடுத்தபோது நான் சொல்லாமல் விட்டது

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த காசில் பெரிய தொகையொன்றைத் தம்பியின் வீட்டு வேலைக்குக் கொடுக்க நினைக்கிறேன். பின்னால் மனக்கசப்பு வராமல் எப்படிக் கொடுப்பது? தம்பியின் மனைவிக்கும் சொல்ல வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது கிட்டத்தட்ட என் கதை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொழும்பு கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 29 வருடம் வேலை செய்துவிட்டு 2019இல் ஓய்வு பெற்றேன். ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 சதவீதம் போகும், முதலாளி 12 சதவீதம் போடுவார். அது வட்டியோடு சேர்ந்து 45 லட்சம் ஆகியிருந்தது. பணிக்கொடை, ஒரு வருட வேலைக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில், 13 லட்சம். ஆக மொத்தம் 58 லட்சம். நான் கல்யாணம் செய்யவில்லை. அம்மா, அப்பா போன பிறகு எனக்கு இருப்பது ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும்தான். வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறேன்.

அந்த வருடம் தம்பி தெஹிவளையில் மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தான். காணி தம்பியின் மனைவியான மச்சாளின் சீதனம், உறுதிப் பத்திரமும் அவளுடைய பெயரில்தான். சுவர் எழும்பிய அளவில் காசு முடிந்து வேலை நின்றுவிட்டது. நான் 30 லட்சம் கொடுத்தேன். வெற்றிலைத் தட்டில் காசோலையை வைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் நீட்டினேன். தம்பி கண் கலங்கி, "இது உங்கட வீடு அக்கா" என்றான்.

எல்லாம் அந்த ஒரு வசனத்தில்தான் தொடங்கியது. அவன் நன்றியில் சொன்னான், நான் வாக்காக எடுத்துக்கொண்டேன். மேல்மாடியில் மாமரம் தெரியும் சின்ன அறை எனக்குத்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வேலை நடந்தபோது போய்ப் பார்ப்பேன். எனக்கு முழங்கால் வருத்தம் இருப்பதால், அந்த அறைக் குளியலறையின் படியைத் தாழ்த்திக் கட்டும்படி மேசனிடம் சொன்னேன். தையல் மெஷினை ஜன்னலடியில் வைக்கலாமா என்று அளவு நாடாவால் அளந்தும் பார்த்தேன். இத்தனையும் செய்த நான், "வயது போன காலத்தில் இங்கே வந்து இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்ற ஒரு வசனத்தைத் தம்பியிடமோ மச்சாளிடமோ சொல்லவில்லை. கேட்டால் கொடுத்ததற்குக் கூலி கேட்டது போலாகிவிடும் என்று கூச்சம்.

குடிபூரலன்று மேலே போனேன். அந்த அறையில் மச்சாளின் அம்மாவுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். வவுனியாவில் தனியாக இருந்த மனுஷி, இடுப்பு எலும்பு முறிந்து எழும்ப முடியாமல் இருந்தவர். அவரைக் கூட்டி வந்ததில் ஒரு பிழையும் இல்லை. அந்தத் தாழ்ந்த படியைக் காட்டி, "பாருங்கோ, அம்மாவுக்கு எவ்வளவு வசதி" என்று மச்சாள் சந்தோஷமாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதம் இன்றைக்கும் மனதை அறுக்கிறது. புது ஃபிரிட்ஜ் வாங்கினால் "இப்ப இது தேவையோ?" என்பேன். நுவரெலியாவுக்குப் போய் வந்தால் எவ்வளவு செலவானது என்று கேட்பேன். என் காசை அவர்கள் சாப்பிட்டுத் தீர்ப்பது போல ஓர் எண்ணம். தம்பியின் மகன், "மாமி" என்று ஓடி வருகிற பிள்ளை, என்னைக் கண்டால் அறைக்குள் போய்விடத் தொடங்கினான். காசு கொடுத்தவருக்கும் எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு கோடு வேண்டும். அதை நான் எனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

2022 வந்தது. மிச்சம் 28 லட்சத்தை 6 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டிருந்தேன். மாதம் 14,000 ரூபாய் கிடைத்தது. அந்த செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் முந்தைய வருடத்தோடு பார்க்கக் கிட்டத்தட்ட 70 சதவீதமாக இருந்தது. மருந்துக்கும் அனெக்ஸ் வாடகைக்கும் அந்த வட்டி காணவில்லை. ஒரு புடவைக் கடைக்குக் கணக்கு எழுதித்தான் சமாளித்தேன். கையில் இருந்ததில் பாதிக்கு மேல் கொடுத்தது பிழை என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த நாட்களில், காணி உறுதிகள் எழுதும் தெரிந்த நொத்தாரிசு ஒருவரிடம் போய்க் கேட்டேன். வழக்குப் போட அல்ல, விளங்கிக்கொள்ள. அவர் சொன்னதை உங்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் காசும் வீட்டுக்குள்தான் போகப் போகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியிலோ வீட்டிலோ உரிமை தருவதாக வாயால் சொல்லும் வாக்கு செல்லாது. நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதாவது தம்பி உண்மையாகவே எனக்கு அறை தருவதாகச் சொல்லியிருந்தாலும், வெறும் வாய்ப்பேச்சை வைத்து உரிமை கேட்க முடியாது. கடனாகக் கொடுத்தாலும் எழுத்து முக்கியம். எழுத்தில் இருந்தால் 6 வருடத்துக்குள் வழக்குத் தொடரலாம், எழுத்தில் இல்லாவிட்டால் 3 வருடம்தான். உங்களுடைய சொந்த வீட்டையே நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுப்பதென்றால், சாகும்வரை அதில் இருக்கும் ஆயுள் உரித்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள். மீளப்பெற முடியாது என்று எழுதிக் கொடுத்த பிறகு, பெரிய நன்றிகேடு நடந்தது என்று நீதிமன்றத்தில் காட்டினால்தான் திருப்பி எடுக்கலாம். அதற்கென்றே 2017இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. கூடப் பிறந்தவர்களோடு அந்த இடம்வரை போகும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

சட்டத்தை விட எனக்கு உதவியது தம்பியோடு கதைத்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அந்த அறை எனக்கு என்று நினைத்திருந்ததை அவனிடம் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே அக்கா" என்றான். உண்மைதான். சொல்லியிருந்தால் கட்டும்போதே இன்னொரு அறைக்கு இடம் விட்டிருப்பான், இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லியிருப்பான். எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

இரண்டாம் முறை கொடுத்தது தங்கச்சியின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு. 2023இல் கொழும்பிலேயே ஒரு தனியார் கல்லூரியில் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். அந்த நேரம் வைப்பை மாற்றிப் போட்டதில் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. முதல் தொகையில் கை வைக்காமல், வட்டியிலிருந்து மட்டும் 6 லட்சம், வருடம் 2 லட்சமாக மூன்று வருடத்துக்கு என்று தீர்மானித்தேன். அதற்கு முன் ஒரு சீ.ஆர். கொப்பியில் என் செலவை எழுதிப் பார்த்தேன்: வாடகை, மருந்து, சாப்பாடு, திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் ஒரு தொகை. அதெல்லாம் போக மிஞ்சியதுதான் அந்த 6 லட்சம்.

பிறகு தங்கச்சி, அவளுடைய புருஷன், பெறாமகள், தம்பி, மச்சாள் எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொல்லித் தேநீர் கொடுத்துக்கொண்டே சொன்னேன்: "இது கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும். நானே கல்லூரிக்கு நேரடியாகக் கட்டுவேன். திருப்பித் தர வேண்டாம். இதற்கு மேல் என்னிடம் இல்லை." எனக்குக் குரல் நடுங்கியது. ஆனால் மச்சாள்தான் முதலில், "இப்படிச் சொன்னது நல்லது, எங்களுக்கும் தெளிவு" என்றாள்.

அந்த வார்த்தைக்கு இரண்டு சோதனை வந்தது. அடுத்த வருடம் தங்கச்சி, புருஷனின் வான் லீசிங் இரண்டு மாதம் தவறிவிட்டது, 3 லட்சம் கைமாற்றாகத் தர முடியுமா என்று கேட்டாள். "காசு இல்லையடி. படிப்புக்குச் சொன்னது அப்படியே இருக்கும், அதற்குப் பயப்படாதே" என்றேன். காரணம் அடுக்கவில்லை. அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வரும். இரண்டு வாரம் அவளிடமிருந்து போன் இல்லை. மூன்றாவது வாரம் பலாக்கொட்டைக் கறியோடு வந்தாள்.

மற்றது எனக்கே வந்த சோதனை. பெறாமகள் பாடத்தை மாற்றப் போவதாகச் சொன்னாள். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். கட்டணம்தான் என்னுடையது, எந்தப் பாடம் என்பது அவளும் அவளுடைய அம்மா அப்பாவும் பார்க்க வேண்டியது.

அதனால் உங்கள் விஷயத்தில், காசோலை எழுத முன் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்: அந்த வீட்டில் உங்களுக்கு ஏதாவது ஒன்று, ஓர் அறை, ஒரு சாவி, கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்வது, மனதில் இருக்கிறதா? இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால் நொத்தாரிசிடம் போய் எழுதுங்கள். சம்மதிக்காவிட்டால், அது இல்லாமலும் இந்தத் தொகையைக் கொடுக்க மனம் வருகிறதா என்று பார்த்துத் தொகையைத் தீர்மானியுங்கள்.

தம்பியின் மனைவிக்கும் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். உறுதி யாருடைய பெயரில் இருந்தாலும் அந்த வீட்டை நடத்தப் போவது அவர். நான் தம்பியோடு மட்டும் கதைத்ததால் மச்சாளுக்கு ஒன்றுமே தெரியாது. மேசனிடம் நான் படியைத் தாழ்த்தச் சொன்னது அவளுடைய அம்மாவுக்காக என்றுதான் அவள் இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தாள்.