குளூட்டன் இல்லாத பலகாரம் வேண்டுமா? முதலில் பெருங்காய டப்பாவைப் பாருங்கள்

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்று உறுதியாகிவிட்டது. பிஸ்கட், கேக், சமோசா எல்லாம் நின்றுபோய் முகம் வாடிக் கிடக்கிறாள். அவளுக்கென்று தனியாக இல்லாமல், வீட்டில் எல்லாரும் சேர்ந்து ருசித்துச் சாப்பிட குளூட்டன் இல்லாத நொறுக்குத்தீனி, இனிப்பு என்னென்ன செய்யலாம்?

பதில்:

ருசியைப் பற்றிக் கவலையே வேண்டாம். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றில்தான் குளூட்டன் இருக்கிறது. மைதா, ரவை, சேமியா, சம்பா ரவை எல்லாம் கோதுமையின் வேறு வேறு உருவங்கள், அதனால் அவையும் கூடாது. மற்றபடி நம் ஊர்ப் பலகாரங்களில் பெரும்பாலானவை அரிசி, உளுந்து, கடலைப்பருப்பு, எள், தேங்காய், வெல்லத்தில் ஆனவை. முறுக்கு, தட்டை, சீடை, அதிரசம், கொழுக்கட்டை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பால்கோவா, ஜாங்கிரி எதற்குமே மாற்று மாவு தேட வேண்டியதில்லை. விலை அதிகமான குளூட்டன் இல்லாத பிஸ்கட் பாக்கெட்டுகளைத் தேடி அலைவதைவிட முறுக்கு உரலை எடுப்பது மேல்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கோதுமையே சேராத பலகாரத்துக்குள் கோதுமை எப்படி நுழைகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதல் வழி பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசினின் காரமும் வாடையும் தாங்க முடியாது. அதனால் மாவும் பிசினும் கலந்துதான் விற்கிறார்கள், இதற்குக் கூட்டுப் பெருங்காயம் என்று பெயர். கலக்கும் மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா. தூள்தான் இப்படி, கட்டி சுத்தமானது என்று நினைத்துவிடாதீர்கள், கட்டிப் பெருங்காயத்திலும் மாவு உண்டு. டப்பாவைத் திருப்பி, உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். அரிசி மாவு சேர்த்துச் செய்ததும் கடையில் கிடைக்கிறது, குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்கலாம். கிடைக்கும்வரை முறுக்குக்கு ஓமமோ சீரகமோ, தட்டைக்குத் தட்டிய பூண்டோ போதும், வாசனை குறையாது. சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர் எல்லாவற்றிலும் பெருங்காயம் இருப்பதால் அவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். எல்லாம் நிறுத்திய பிறகும் குழந்தைக்கு வயிறு சரியாகவில்லை என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சின்ன டப்பாவைத்தான்.

இரண்டாவது மாவு மில். உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். கல்லிலும் வாயிலும் ஒட்டிய மாவு உங்கள் அரிசி மாவோடு சேர்ந்து வரும். "முதலில் கொஞ்சம் அரிசி ஓட்டிட்டு அரைச்சுத் தர்றேன்" என்று மில்காரர் அக்கறையாகச் சொன்னாலும் சீலியாக் உள்ளவர்களுக்கு அது போதாது. மிக்சியிலேயே அரைத்துவிடுங்கள். பச்சரிசியைக் களைந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, துணியில் நிழலில் உலர்த்தி, கையில் ஒட்டாத ஈரத்தில் அரைத்துச் சலித்தால் போதும். முறுக்குக்கென்றால் அந்த மாவைக் கோலம் போட வருகிற பதத்துக்கு லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். மாதம் மூன்று நான்கு கிலோ அரைக்க வேண்டியிருந்தால் வீட்டு மாவு மெஷின் ஒன்று வாங்கிவிடலாம். அதில் கோதுமை ஒருநாளும் போடக்கூடாது.

மூன்றாவது சல்லடை. மைதா சலித்த சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கம்பி இடுக்கில் மாவு நிற்கும். புதுச் சல்லடை ஒன்று வாங்குவது பெரிய செலவில்லை. சப்பாத்திக் கட்டையும் உருளையும் மரம் என்றால் அதே கதைதான். எண்ணெயும் தனியாக இருக்க வேண்டும். பூரி பொரித்த எண்ணெயில் வடை போட்டால் அந்த வடை மகளுக்கு ஆகாது. கடை பஜ்ஜி கடலை மாவுதான் என்றாலும், அதே சட்டியில் மைதா போண்டாவும் வேகும். வெளியில் வாங்கும் பொரித்த பண்டம் எதையும் நம்ப முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

இனி பலகாரங்கள்.

தேன்குழல் முறுக்கு: அரிசி மாவு 2 கப், வாசம் வர வறுத்து நைசாக அரைத்த உளுந்து மாவு அரை கப், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, உப்பு. வெண்ணெயை மாவில் பிசறிவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். முறுக்கு கடக்கென்று கல்லாக இருந்தால் உளுந்தோ வெண்ணெயோ குறைவு. எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்தால் வெண்ணெய் அதிகம், ஒரு கை அரிசி மாவு சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். எண்ணெய் குடித்தால் மாவில் தண்ணீர் அதிகம், அல்லது எண்ணெய் காயவில்லை. பிழியும்போது அறுந்து அறுந்து விழுந்தால் மாவு காய்ந்துவிட்டது. மொத்தத்தையும் ஒரே நேரத்தில் பிசைந்து வைக்காமல், இரண்டு ஈடுக்கு வேண்டியதை மட்டும் பிசையுங்கள். சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிடலாம்.

உப்புச் சீடை வெடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, இதற்குப் பயந்தே பலர் செய்வதில்லை. உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாதபோதுதான் சீடை வெடிக்கிறது. மாவை வறுத்து இரண்டு முறை சலியுங்கள், குருணை தங்கக் கூடாது. அழுத்தி வழவழப்பாக உருட்டாமல் லேசாக உருட்டுங்கள், மேலே விரிசல் இருப்பது நல்லதுதான். துணியில் இருபது நிமிடம் உலரவிட்டு, ஊசியால் ஒரு குத்து குத்தி, மிதமான சூட்டில் போடுங்கள்.

அதிரசத்துக்கு மில்லே தேவையில்லை, ஈர மாவில்தான் அது நன்றாக வரும் என்பதால் மிக்சிக்கே ஏற்ற பலகாரம். மாவுப் பச்சரிசி கால் கிலோவை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் பதினைந்து நிமிடம் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைத்துச் சலியுங்கள். மாவைப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். வெல்லம் சுமார் 200 கிராம், கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். தட்டில் போட்டால் சத்தம் வரக் கூடாது. அந்த நொடியில் இறக்கி, ஏலக்காய், சுக்குத் தூளோடு மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். கிளறியதும் தளர்வாகத்தான் இருக்கும், ஆறினால் இறுகும். நெய் தடவிய பாத்திரத்தில் ஒரு நாளாவது புளிக்க வைத்து, தட்டிப் பொரித்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் எண்ணெயைப் பிழிந்து எடுங்கள். எண்ணெயில் கரைந்து போனால் பாகு இளம்பதம், கூடவே கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துத் தட்டுங்கள். ரப்பராகவோ கட்டியாகவோ வந்தால் பாகு முற்றிவிட்டது, அடுத்த முறை அரை நிமிடம் முன்னால் இறக்குங்கள்.

கேக் கேட்டு அழும் குழந்தைக்கு முதலில் காட்ட வேண்டியது தூத்துக்குடி மக்கரூன். முந்திரி, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றே பொருள், மாவு என்ற பேச்சே இல்லை. கடையில் வாங்காதீர்கள், மைதா பறக்கும் பேக்கரியில் அது தயாராகிறது. வீட்டில் செய்ய இரண்டு முட்டை வெள்ளைக்கரு, பொடித்த சர்க்கரை 120 கிராம், முந்திரி 100 கிராம் போதும். முந்திரியை விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கும், அந்த எண்ணெய் பட்டால் நுரை அமுங்கிவிடும். பாத்திரத்தில் ஈரமோ மஞ்சள்கருவோ ஒரு துளிகூட இருக்கக் கூடாது. வெள்ளைக்கருவை நுரை வர அடித்து, சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, கூர் நிற்கும்வரை அடியுங்கள். முந்திரியைக் கையால் மெதுவாகப் புரட்டிச் சேர்த்து, காகிதத்தில் கூம்பாக வைத்து, ஓவனில் 110 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம் உலரவிடுங்கள். சுடுவதல்ல, உலர்த்துவது. பழுப்பு நிறம் வந்தால் சூடு அதிகம். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடாவிட்டால் நம் ஊர்க் காற்றில் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும்.

பிறந்தநாளுக்கு நிஜமாகவே வெட்டும் கேக் வேண்டும் என்றால் மைதாவுக்குப் பதில் அதே அளவு அரிசி மாவைப் போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். மைதாவில் குளூட்டன் வலைபோல் நின்று காற்றைப் பிடித்துக்கொள்ளும். அரிசி மாவில் அது இல்லாததால் கேக் உதிரும், வாயில் மணல் போல் தட்டும். அந்த வேலையை முட்டைக்கும், தண்ணீரில் ஊறினால் வழவழப்பாகும் இசப்கோல் உமிக்கும் கொடுக்க வேண்டும். நைஸ் அரிசி மாவு 100 கிராம், கார்ன்ஃப்ளார் 40 கிராம், பொடித்த முந்திரி அல்லது பாதாம் 60 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, இசப்கோல் 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. முட்டை 3, சர்க்கரை 120 கிராம் இரண்டையும் வெளுத்துக் கெட்டியாகும்வரை அடித்து, எண்ணெய் 80 மில்லி, தயிர் 80 மில்லி விட்டு, மாவைக் கலந்து இருபது நிமிடம் அப்படியே வையுங்கள். அரிசி மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும், மணல் தட்டுவது இதில்தான் போகும். ஏழு அங்குல டின்னில் 170 டிகிரியில் சுமார் 35 நிமிடம். முழுதாக ஆறாமல் வெட்டினால் பிட்டுப்பிட்டாக வரும். பேக்கிங் பவுடரிலும் கார்ன்ஃப்ளாரிலும் உட்பொருளைப் பார்த்து வாங்குங்கள்.

அல்வாவில் கவனம். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. சக்கையை எடுத்துவிட்டோமே என்பது சமாதானம் ஆகாது, அந்தக் கோதுமைப் பாலிலும் குளூட்டன் வரும். பதிலுக்கு காசி அல்வா இருக்கிறது: துருவிப் பிழிந்த வெண்பூசணி 2 கப்பை, பிழிந்த தண்ணீரிலேயே வேகவைத்து, தண்ணீர் முழுதும் வற்றிய பிறகே ஒரு கப் சர்க்கரை சேர்க்க வேண்டும். முன்னால் சேர்த்தால் பூசணி விறைத்து நார்போல் நிற்கும். கேசரிக்கு ரவைக்குப் பதில் கெட்டி அவலை மிக்சியில் ரவையாக உடைத்து நெய்யில் பொரபொரவென்று வறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கப் அவல் ரவைக்கு ஒன்றரை கப் கொதிநீர், முக்கால் கப் சர்க்கரை. வறுபடாமல் தண்ணீரில் போட்டால் கூழாகிவிடும்.

அன்றாடத்துக்குச் சுண்டல், பொரியுருண்டை, இளநீர் வழுக்கை, ஜவ்வரிசிப் பாயசம், கோவில்பட்டி கடலை மிட்டாய் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். அந்தக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பாலும் சர்க்கரையும்தான். ஐஸ்கிரீமைக் கப்பில் வாங்குங்கள், கோன் கோதுமை.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய சில பொருட்கள் உண்டு. சிறுதானிய பிஸ்கட் என்பதில் பெரும்பாலும் கோதுமையோ மைதாவோ கூடவே இருக்கும். ராகி சேமியாவிலும் அப்படியே, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கடைச் சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும் சேர்ப்பது வழக்கம், மால்ட் பானங்கள் பார்லியில் ஆனவை. ஓட்ஸ் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டதாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுங்கள். தினை, சாமை, வரகு, கம்பு, ராகி இயல்பிலேயே பாதுகாப்பானவை. ஆனாலும் வெள்ளைத் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள், நடுவில் ஒன்றிரண்டு கோதுமை மணி கிடக்கும். பொறுக்கிக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே அரைப்பது நல்லது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளுக்குத்தான் குளூட்டன் இல்லாதது என்று அச்சிடலாம். "கோதுமை இல்லை" என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு விஷயம், பார்லி இருக்கலாம்.

வீடே சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், அதில் ஒரு எச்சரிக்கை. சீலியாக் ரத்த சம்பந்தத்தில் வரக்கூடியது என்பதால் உங்கள் இருவருக்கும், அவளுடன் பிறந்தவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அது முடியும்வரை நீங்கள் யாரும் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். மாலைப் பலகாரம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், சப்பாத்தியை மற்றவர்கள் தனிக் கல்லில் சுட்டுச் சாப்பிடலாம்.

பள்ளிக்கூடத்துக்கு, மூடி இறுகிய டப்பா ஒன்றில் கடலை மிட்டாயும் மக்கரூனும் போட்டு வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். யாராவது பிறந்தநாள் கேக் கொண்டுவரும் அன்று அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டப்பாவை வாங்கிப் புதிதாக நிரப்புங்கள், மக்கரூன் பதம் விடுவதற்குள்.