டிக்கியில் என்ன இருக்கிறது? – ஊருக்குக் காரில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு கேள்வி பதில்

பெங்களூரில் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ராத்திரியில் நடுவழியில் நின்றுபோன வண்டிகளைத் தூக்கி வரும் வேலையும் உண்டு. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள், காரில் அவசரத்துக்கு என்னென்ன வைத்துக்கொள்வது என்று ஆளுக்கொரு பட்டியல் போட்டுக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் இன்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். எந்த கார் வாங்கலாம், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் எப்படிப் போடுவது, இவை இரண்டும் மட்டும் வேண்டாம்.

கே (அல்சூர்): குடும்பத்தோடு சேலம் போகிறோம் அண்ணா. ஒரே ஒரு பொருள்தான் வைக்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ப: காற்றுள்ள ஸ்டெப்னி, அதாவது மாற்றுச் சக்கரம். "காற்றுள்ள" என்பதை அழுத்திச் சொல்கிறேன். பஞ்சர் என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் ஸ்டெப்னியும் சப்பையாகக் கிடக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருக்கும் காற்றழுத்த அளவைவிட மூன்று நாலு பி.எஸ்.ஐ. கூடவே ஸ்டெப்னியில் வைத்திருங்கள், சும்மா கிடந்தாலும் இறங்கும்.

அடுத்தது, அலாய் வீல் போட்டவர்கள் கவனியுங்கள். வீல் திருட்டுக்குப் பயந்து ஒரு சக்கரத்துக்கு ஒரு லாக் நட் போட்டிருப்பீர்கள். அதைக் கழற்றும் சாவி வீட்டு அலமாரியில் இருந்தால் ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாம் இருந்தும் வண்டி நகராது. சாவி காரிலேயே இருக்கட்டும்.

மாற்றும்போது நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி ஏற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ விடக் கூடாது. சேலத்துக்கு முன்னால் வரும் தொப்பூர் மலை இறக்கத்தில் பஞ்சரானால் அங்கேயே மாற்றப் பார்க்காதீர்கள். டயர் போனால் போகட்டும், மெதுவாக உருட்டிக்கொண்டு சமதளமான, அகலமான இடத்துக்கு வந்துவிடுங்கள். பின்னால் வரும் லாரிக்கு அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா என்பது லாரிக்காரருக்கே தெரியாது.

ஸ்டெப்னி மற்ற நாலையும்விடச் சின்னதா? அதன் மேலேயே 80 கி.மீ. என்று எழுதியிருக்கும். அந்த வேகத்தைத் தாண்டாமல் அடுத்த பஞ்சர் கடை வரை போங்கள், சேலம் வரை அல்ல.

கே (எச்.எஸ்.ஆர். லேஅவுட்): என் புதுக் காரில் ஸ்டெப்னியே கொடுக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் சென்சார், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்திவிட்டார்கள். ஆனால் அந்த கிட் ஆணி குத்தின ஓட்டைக்குத்தான். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அதால் ஒன்றும் ஆகாது, வண்டியைத் தூக்கித்தான் போக வேண்டும்.

கே (மடிவாளா): நின்ற வண்டிக்குப் பின்னால் வைக்கும் எச்சரிக்கை முக்கோணம் காரோடேயே கொடுக்கிறார்கள். யாரும் அதை எடுத்து வைத்து நான் பார்த்ததில்லையே?

ப: நானும் அதிகம் பார்த்ததில்லை. பார்க்கிறதெல்லாம் மரக்கிளையும் கல்லும்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள், கல் ரோட்டிலேயே கிடக்கும், அடுத்தவன் அதில் ஏறுவான்.

முக்கோணத்தை வண்டியின் பின்னாலேயே ஒட்டி வைத்தால் பயனில்லை. சாதாரண ரோட்டில் 50 மீட்டர், அதாவது எழுபது தப்படியாவது தள்ளி வையுங்கள். நாற்கரச் சாலையில் 100 மீட்டர். அதைக் கையில் பிடித்து உங்கள் முன்னால் காட்டிக்கொண்டே, ரோட்டுக்கு வெளியே நடந்து போங்கள். இருட்டில் ஒளிரும் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும்.

இதைவிட முக்கியமானது, ஆட்களை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் எல்லாரும் இடது பக்கமாக இறங்கி, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். காருக்குள் ஏ.சி. போட்டு உட்காரக் கூடாது. காருக்குப் பின்னால் நின்று போன் பேசக் கூடாது, அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் போன் போடுங்கள், ரோந்து வண்டியும் கிரேனும் அனுப்புவார்கள். அடிபட்டிருந்தால் 112 அல்லது 108.

கே (பெல்லந்தூர்): 2022 வெள்ளத்தை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்கலாமா?

ப: வாங்குங்கள். சீட் பெல்ட் அறுக்கும் பிளேடும் சேர்ந்தே இருக்கும். டிக்கியில் போடாதீர்கள், டிரைவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். முன் கண்ணாடியை அடிக்காதீர்கள், அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது, விரிசல்தான் விழும். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். சில புதுக் கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படி ஒட்டியதாக வருகிறது. கண்ணாடி மூலையில் பொடி எழுத்தில் 'டெம்பர்டு' என்றா 'லேமினேட்டட்' என்றா இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். இரண்டாவது என்றால் சுத்தியல் உதவாது.

2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீரில் கார் மாட்டி ஒரு இளம்பெண் இறந்தது ஞாபகம் இருக்கும். தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையில் ஆழம் தெரியாமல் இறங்கவே கூடாது. மீறி இறங்கி என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் என்ஜினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கே (முருகேஷ்பாளையா, எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்): தம்பி, சுத்தியலுக்கு ஏன் தண்டச் செலவு? சீட்டின் மேல் தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்ட்டைப் பிடுங்கி அதன் கம்பியாலேயே உடைக்கலாமே. அதற்காகத்தானே கழற்றும்படி வைத்திருக்கிறார்கள்.

ப: அதற்காக இல்லை சார். உயரத்தைக் கூட்டிக் குறைக்கவும், உறை மாட்டவும்தான் கழற்றும்படி வைத்திருக்கிறார்கள். வாட்ஸப்பில் வருஷா வருஷம் சுற்றுகிற செய்தி இது.

கே (முருகேஷ்பாளையா): கம்பியால் அடிக்கச் சொல்லவில்லை. கண்ணாடிக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவில் செருகி நெம்பினால் உடையும். நெம்புகோல் தத்துவம். செய்து பார்த்திருக்கிறீர்களா?

ப: பழைய கதவு ஒன்றில் பார்த்திருக்கிறேன், உடைந்தது. வெளிச்சத்தில், நின்றுகொண்டு, அவசரமில்லாமல். இடுப்பளவு தண்ணீரில் இருட்டில் பட்டனை அமுக்கி ஹெட்ரெஸ்ட்டை உருவிப் பாருங்கள். மேலே கூரை இடித்தால் ஹெட்ரெஸ்ட் முழுதாக வெளியே வராது. சில கார்களில் அது சீட்டோடு சேர்ந்தே வருகிறது.

கே (சி.வி. ராமன் நகர்): இரண்டும் எதற்கு? கதவைத் திறந்து இறங்கிவிட்டால் போச்சு.

ப: எச்.ஏ.எல். சார், இதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

முருகேஷ்பாளையா: கதவின் அகலம் ஒரு மீட்டர், வெளியே தண்ணீர் கதவின் அடியிலிருந்து அரை மீட்டர் உயரம், உள்ளே தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் மேல் விழும் விசை சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். கீலுக்கு எதிர் ஓரத்தில் தள்ளினால் பாதி போதும், அறுபது கிலோ சொச்சம். முக்கால் மீட்டர் என்றால் இரண்டேகால் மடங்கு. உள்ளேயும் தண்ணீர் ஏறிச் சமமானால் திறக்கும்.

ப: கணக்கு சரி. சமமாகும் வரை காத்திருக்கச் சொல்கிறவர்களைத்தான் நம்பாதீர்கள். காரில் குழந்தைகள் இருந்தால் அதற்கு நேரமே கிடையாது. வண்டி மிதக்கத் தொடங்கிய உடனே பெல்ட்டைக் கழற்றுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். பவர் விண்டோ உடனே செத்துவிடாது, முதல் நிமிடத்தில் பெரும்பாலும் வேலை செய்யும். குழந்தைகளை முதலில் வெளியே தள்ளிவிட்டு நீங்கள் வாருங்கள். கண்ணாடி இறங்காவிட்டால்தான் சுத்தியல். போன் அடிப்பது வெளியே வந்த பிறகு.

கே (மாரத்தஹள்ளி): அப்போ ஹெட்ரெஸ்ட்டால் முடியுமா முடியாதா?

ப: முடியலாம். முன்னூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதை நம்ப வேண்டாம்.

கே (பி.டி.எம். லேஅவுட்): என்னென்ன வைக்க வேண்டும் என்று லிஸ்ட் போடுங்களேன்.

ப: மேலே பாதி சொல்லிவிட்டேன், மீதி வருகிறது.

கே (விவேக் நகர்): ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் வாங்கினேன். எதை எதில் மாட்டுவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ப: சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸ். கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டக் கூடாது. அந்த வண்டியின் என்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், கடைசி இணைப்பில் பொறி பறக்கும், இரண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் மற்றதை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை. சில கார்களில் இதற்கென்றே தனி முனை கொடுத்திருப்பார்கள், கையேட்டைப் பாருங்கள்.

மலிவு கேபிள்களில் ரப்பர்தான் தடிமன், உள்ளே செம்பு நூல் மாதிரி இருக்கும், சுட்டுப் புகையும். பேட்டரிக்கு நாலு வயதாகிவிட்டால் ஊருக்குக் கிளம்பும் முன் மாற்றிவிடுவதே நல்லது.

கே (ஒயிட்ஃபீல்டு): தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே?

ப: கியர் வண்டி என்றால் செய்யலாம். ஆட்டோமேட்டிக் ஆகாது.

கே (கோரமங்களா): பவர் பேங்க் மாதிரி வரும் ஜம்ப் ஸ்டார்ட்டர் நல்லதா?

ப: நல்லது, தனியாகப் போகிறவர்களுக்குக் கேபிளைவிட உபயோகம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள், உள்ளே இருப்பது லித்தியம். சென்ட் பாட்டில், லைட்டர், சானிடைசருக்கும் இதேதான். கிருஷ்ணகிரி தாண்டினால் பெங்களூரு வெயில் இல்லை.

கே (ஜெயநகர்): எலக்ட்ரிக் கார். எனக்கு இதெல்லாம் தேவையில்லைதானே?

ப: உங்கள் காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கண் திறக்காது. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் அதுவே நல்லது. ஸ்டெப்னி இருந்தால் காற்றைப் பாருங்கள்.

கே (மடிவாளா): மற்ற வண்டிகளுக்குக் கயிறு வைத்துக்கொள்ளலாமா?

ப: வைக்கலாம். திருகி மாட்டும் கொக்கி ஸ்டெப்னிப் பள்ளத்தில் இருக்கும். என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். பின்வண்டியில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் உட்கார வேண்டும்.

கே (இந்திராநகர்): முதலுதவிப் பெட்டியில் என்ன மாத்திரைகள் வைப்பது? அப்பாவுக்கு இதய நோய்.

ப: அப்பாவின் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையைக் காரில் விடாமல் கைப்பையில் எடுத்துப் போங்கள், சூட்டில் கெடும். பெட்டியில் காஸ், பேண்டேஜ், கையுறை, கத்தரி போதும்.

கே (சிவாஜிநகர்): தீயணைப்பான்?

ப: ஒரு கிலோ ஏ.பி.சி. பவுடர், அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்க வேண்டும். பானெட்டிலிருந்து புகை வந்தால் பானெட்டை முழுக்கத் திறக்காதீர்கள், காற்று போனால் குப்பென்று எரியும். தெரிகிற இடுக்கு வழியாக அடியுங்கள். அணையவில்லையா, விட்டுவிட்டு ஓடுங்கள். எலக்ட்ரிக் கார் பேட்டரி தீக்கு இது போதாது, எடுத்தவுடனே விலகுங்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் சும்மா உருளவிடாமல் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் அதுவே விபத்து. தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான்.

கே (சர்ஜாபூர் ரோடு): ஒரு முழு லிஸ்ட் கிடைக்குமா?

ப: மேலே.

கே (பன்னேர்கட்டா ரோடு): அஞ்சு லிட்டர் கேனில் பெட்ரோல் வைத்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. அதற்குப் பதில் அஞ்சு லிட்டர் தண்ணீர் வையுங்கள். வண்டி சூடாகிவிட்டால் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

கே (எலக்ட்ரானிக் சிட்டி): மகள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக ஓட்டி வருகிறாள். பெப்பர் ஸ்பிரே வைக்கலாமா அண்ணா?

ப: வைக்கலாம் அக்கா, ஆனால் சார்ஜரும் டார்ச்சும் அதற்கு முன்னால். நகரத்துக்குள் வண்டி நின்றால், ஓரமாக இருந்தால், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தே 112-க்கு அடிக்கலாம். மேம்பாலத்தில் நின்றுவிட்டால் அந்தக் கணக்கு வேறு. அங்கே உள்ளே உட்காரக் கூடாது, பின்னால் வருகிறவனுக்கு உங்கள் மகளின் கார் தெரியாது. ஹசார்ட் விளக்கு போட்டுவிட்டு இறங்கி, சுவரோரமாக, காருக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் நன்றாகத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு எப்போதும் பகிர்ந்து வைக்கட்டும்.

கே (கெங்கேரி): ஊட்டிக்கு ராத்திரி கிளம்புகிறோம். பந்திப்பூர் காட்டுக்குள் வண்டி நின்றால்?

ப: ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 வரை அந்த வழி மூடியிருக்கும், நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். பகலில் நின்றாலும் காட்டுக்குள் இறங்கி உலாத்தாதீர்கள். கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று.

கே (டொம்மலூர்): ஆர்.சி., லைசென்ஸ் ஒரிஜினல் வேண்டுமா?

ப: போனில் அரசின் டிஜிலாக்கர் செயலியிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும்.

கே (முருகேஷ்பாளையா): ஹெட்ரெஸ்ட் விஷயத்தில் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ப: சரி சார். ஒர்க்‌ஷாப்பில் பழைய கதவு இன்னொன்று கிடக்கிறது, ஒருநாள் வாருங்கள். கண்ணாடி உங்கள் செலவு.

கே (ஆர்.டி. நகர்): இதெல்லாம் எங்கே வாங்குவது?

ப: ஜே.சி. ரோடு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடுங்கள்.