தையில் கல்யாணம், அதற்குள் 15 கிலோவா?

எடை குறைப்பது பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். பாளையங்கோட்டையில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக உணவு ஆலோசகராக இருக்கும் நம் சகோதரி பதில் தருகிறார்.

எனக்கு வயது 26. உயரம் 158 செ.மீ. தை மாதம் கல்யாணம். 12 வாரம்தான் பாக்கி. 78 கிலோ இருந்தேன். 15 கிலோ குறைக்கணும்னு வாட்ஸ்அப்பில் வந்த டயட்டைத் தொடங்கினேன். காலையில் ஜூஸ், மதியம் வெள்ளரிக்காயும் மோரும், ராத்திரி சூப். பத்தே நாளில் 4 கிலோ போச்சு. அப்புறம் இரண்டு வாரமா எடை நகரவே இல்லை. தலைவலி, மலச்சிக்கல், யாரைப் பார்த்தாலும் எரிச்சல். இன்னும் குறைத்துச் சாப்பிடணுமா?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

வேண்டாம் மகளே. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய், ஒரு கைப்பிடி சோறும் பருப்பும் ஒரு முட்டையும் சாப்பிடு. மற்றதை அப்புறம் பேசலாம்.

முதல் பத்து நாளில் போன 4 கிலோவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை ஈரலும் தசையும் சேமித்து வைக்கும், கிட்டத்தட்ட அரை கிலோ. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டை நிறுத்தினால் சேமிப்பு கரையும், கூடவே தண்ணீரும் போய்விடும். எடை பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் கொழுப்பு அந்த வேகத்தில் கரையாது. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. அதைப் பத்து நாளில் நான்கு முறை எரிக்க யாராலும் முடியாது.

பட்டினி கிடந்தால் தசையும் கரைகிறது. தசை குறைந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியும் குறையும். எடை நகராததற்கு நீ காரணமில்லை. வருமானம் குறைந்த வீடு செலவைச் சுருக்குவதைப் போல உன் உடம்பும் சுருக்கியிருக்கிறது.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். திடீர்ப் பட்டினியால் முடி கொட்டுவது உடனே தெரியாது. இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். ஐப்பசியில் நீ தொடங்கிய பட்டினிக்கு மார்கழியில் முடி கொட்டும். பூ வைத்துப் பின்னல் அலங்காரம் செய்ய வேண்டிய நேரம் அது. இப்போதே நிறுத்தினால் பெருமளவு தப்பலாம்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1999-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாற்பது வயது ஆசிரியை ஒருவர் வந்தார். அவருக்கு நான் என் கையாலேயே 900 கலோரி உணவுத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரத்தில் 9 கிலோ குறைந்தது. எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. அடுத்த சில மாதங்களில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. ஸ்கேனில் பித்தப்பைக் கல். வேகமாக எடை குறைப்பவர்களுக்குக் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம் என்று நான் பாடத்தில் படித்ததுதான், அவரிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து, குறைந்த 9 கிலோவுக்குப் பதில் 12 கிலோ ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். “நீங்க எழுதிக் குடுத்தத ஒரு நாள்கூடத் தவறாமச் செஞ்சேனே மேடம்” என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு, மருத்துவர் நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் நிலை இல்லாத யாருக்கும் அவ்வளவு குறைந்த அளவை நான் எழுதியதில்லை.

வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சிப் போனால் ஒரு கிலோ. இதுதான் உடம்பு தாங்கும் வேகம். உனக்கு நான் அரை கிலோவே சொல்வேன். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் முதல் வாரம் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறும். போன தண்ணீர் திரும்பி வருகிறது, பதற்றப்படாதே. அங்கிருந்து 12 வாரத்தில் 6 கிலோ குறைந்தால் தையில் நீ 70 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்பாய். 78-லிருந்து 8 கிலோ, அதாவது பத்தில் ஒரு பங்கு. முகத்திலும் இடுப்பிலும் நன்றாகவே தெரியும்.

டயட்டுக்கு முன்னால் சாப்பிட்டதையும் எழுதியிருந்தாய். அதிலிருந்தே கணக்கைப் பார்க்கலாம். நாளுக்கு நான்கு டம்ளர் காபி, டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதை அரை ஸ்பூன் ஆக்கினால் 120 கலோரி மிச்சம். இட்லிப் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயைப் பாதியாக்கினால் 60. அலுவலகத்தில் சாயங்காலச் சமோசாவுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், 100. ராத்திரி மூன்று தோசைக்குப் பதில் இரண்டு தோசை, பொட்டுக்கடலைச் சட்னியைக் குறைத்துக் காய் நிறையப் போட்ட சாம்பார், 150. அரை மணி நேர நடை, 100. கூட்டிப் பார், 530 வருகிறது. வாரத்துக்கு அரை கிலோ குறைய இது போதும். இதில் எங்கேயும் பட்டினி இல்லை.

தசை கரையாமல் இருக்க, ஒவ்வொரு வேளையும் பருப்போ முட்டையோ மீனோ தயிரோ தட்டில் இருக்கட்டும். தினமும் தோப்புக்கரணம் போடு. பத்தில் தொடங்கி, மெதுவாக ஏற்று. கல்யாண ரவிக்கைக்கு இப்போதே அளவு கொடுக்காதே. மூன்று வாரம் முன்னால் கொடுத்து, உள்தையல் விட்டுத் தைக்கச் சொல்.

யார் எந்த டயட்டைக் கொண்டு வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: மறுவீட்டு விருந்துக்குப் போன பிறகும் இதைச் செய்வாயா? வெள்ளரிக்காயும் மோரும் அதில் தோற்றுப்போகும். அரை ஸ்பூன் சர்க்கரை நிற்கும்.

சோற்றை அடியோடு விட்டுவிட்டு வரகு, தினை மட்டும் சாப்பிட்டால் எடை குறையுமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

அரிசி, வரகு, தினை எதை எடுத்தாலும் 100 கிராமில் 330-லிருந்து 360 கலோரிக்குள்தான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், சீக்கிரம் பசிக்காது. அந்த வகையில் நல்லது. ஆனால் வரகுச் சோற்றைக் குவித்துச் சாப்பிட்டால் பலன் இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளின் மொத்தச் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நம் ஊர்த் தட்டில் அது எளிதாகத் தாண்டிவிடும். பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்போ மீனோ, மிச்சக் கால் தட்டில் சோறு. அரிசிச் சோறாகவே இருக்கட்டும், குற்றமில்லை.

எனக்கு 54 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறேன். எடை குறைக்க ஒரு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். 3 கிலோ குறைந்தது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி விழிக்கிறேன். வாயுவாக இருக்குமோ?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

அண்ணாச்சி, இதை வாயு என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை இறங்குகிறது என்றுதான் நான் சந்தேகப்படுகிறேன். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. இன்று ராத்திரியே சாப்பிடத் தொடங்குங்கள். இரண்டு இட்லி சாம்பாரோடு போதும், ஆனால் சாப்பிட வேண்டும்.

மறுபடி வியர்த்தால் விரல் நுனியில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். கருவி வீட்டில் இல்லை என்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நினைவு தப்பினால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் எடையைக் குறைத்தால், மாத்திரை அளவையும் டாக்டர் குறைக்க வேண்டி வரலாம். அது நல்ல செய்திதான். ஆனால் டயட் தொடங்குவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

தைராய்டு இருப்பதால் நான் என்ன செய்தாலும் எடை குறையாது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, தென்காசி

இல்லை. தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு கிலோவிலிருந்து ஐந்து கிலோவுக்குள், அதிலும் பெரும்பங்கு உப்பும் தண்ணீரும். மாத்திரை அளவு சரியாக இருந்தால் மற்றவர்களைப் போலவே உங்களுக்கும் குறையும். காலையில் மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள்? காபியோடு என்றால் இன்றே மாற்றுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி.

எனக்கு 43 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. தினமும் 40 நிமிடம் நடக்கிறேன், பலகாரம் விட்டேன். மூன்று மாதத்தில் 71 கிலோவிலிருந்து 68 ஆகியிருக்கிறேன். அவ்வளவுதான். “இதுக்கா இவ்வளவு பாடு” என்று வீட்டுக்காரர் கேட்கிறார். விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

விடாதீர்கள், தங்கை. இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது உங்களுடையதுதான். 3 கிலோ என்பது உங்கள் எடையில் நூற்றுக்கு நான்கு. 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியத் தொடங்கும். நீங்கள் அதற்கு அரை கிலோ தூரத்தில் நிற்கிறீர்கள்.

வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில், உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2006-ல் வெளியானது. வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் செய்தவர்களில் அது 39 சதவீதம்தான். இத்தனைக்கும் இந்த இரண்டாம் குழுவினருக்குச் சராசரி எடை குறையவே இல்லை. எடை குறையாதவர்களுக்கே நடை இவ்வளவு செய்திருக்கிறது, நீங்களோ 3 கிலோ குறைத்திருக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சத்தை யார் சாப்பிடுவது? வீணாகப் போகிறதே என்று அரைத் தோசை, நாலு வாய்ச் சோறு என நம் வீட்டு அம்மாக்கள் சாப்பிடுவது எந்தக் கணக்கிலும் வராது. பிள்ளைகளுக்கு முதலிலேயே குறைவாக வையுங்கள், வேண்டுமென்றால் மறுபடி கேட்கட்டும்.

எடையைத் தினமும் பார்க்க வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். ஒரு தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுக்காமல் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எடை அசையாத மாதத்திலும் இந்த அளவு குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.