முதல் உலகப் போர்ல ட்ரெஞ்சுல (மண்ணுல தோண்டின நீளமான பதுங்குகுழியில) இருந்த சிப்பாய்களுக்கு கால் ஏன் அழுகிச்சு?

ட்ரெஞ்ச் ஃபுட்னா, குளிர்ந்த ஈரத்துல மணிக்கணக்கா, நாள்கணக்கா நின்னு கால் மரத்துப்போய் வீங்கி, முத்திப்போனா சதையே அழுகிடுறது. பெல்ஜியம், வடக்கு பிரான்ஸ் பக்கம் நிறைய இடத்துல களிமண்ணு, கொஞ்சம் தோண்டினாலே தண்ணி ஊறிடும், மழைக்காலத்துல முழங்கால் வரைக்கும் சேத்துல நின்னுட்டே காவல் காக்கணும், பூட்ஸைக் கழட்டக்கூட வழியில்ல (எலி, பேன் தொல்லை தனிக்கதை).

குளிர் பட்டா உடம்பு சூட்டைக் காப்பாத்த கால் பக்கம் போற ரத்தக்குழாயைச் சுருக்கிடும், டேங்க்ல தண்ணி கம்மியானா கடைசித் தெரு வால்வை மூடுவாங்கல்ல, அது மாதிரி. ஈரம் சூட்டை இன்னும் வேகமா உறிஞ்சுறதால அந்த வால்வு திறக்கவே திறக்காது, நரம்பும் சதையும் ரத்தம் இல்லாம செத்துப்போகும்.

பிரிட்டிஷ் படையில மட்டும் 1914-15 குளிர்காலத்துல சுமார் 20,000 பேருக்கு வந்துச்சு. அப்புறம்தான் தரையில மரப்பலகை, கால்ல தடவ திமிங்கில எண்ணெய், மாத்து சாக்ஸ், ஆபீசர் வந்து கால் செக் பண்றதுன்னு கெடுபிடி ஆனாங்க. என்னைக் கேட்டா எண்ணெயை விட காய்ஞ்ச சாக்ஸ்தான் நிறைய கால்களைக் காப்பாத்திருக்கும்.

நிறைய பேர் இதைப் பனியில உறைஞ்சு வர்றதுன்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, 10 டிகிரி இருந்தாலும் கால் நனைஞ்சே கிடந்தா வரும்.