எடை குறைந்தும் அழற்சி குறையவில்லையா?

கேள்வி: எனக்கு 46 வயது. 92 கிலோவிலிருந்து எட்டு மாதங்களில் 79 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆயினும் முழு உடல் பரிசோதனையில் ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் புரதம் இரத்தத்தில் எவ்வளவு என்ற நுண்சோதனை) 4.1 என வந்துள்ளது. கொழுப்பில் அழற்சி தங்கிவிட்டது என்று கூறி, பரிசோதனைக் கூடத்தில் அறிமுகமான ஆலோசகர் ஒருவர் மாதம் 4,800 ரூபாய்க்குப் பவுடர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வாங்க வேண்டாம். அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அந்தப் பவுடர் விலைபோகிறது. உடல் பருக்கும்போது, உப்பி மடியும் கொழுப்பணுக்களை அப்புறப்படுத்த மேக்ரோபேஜ் என்னும் எதிர்ப்பணுக்கள் அங்கே குவிகின்றன. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியை வளர்க்கின்றன. எடை இறங்கியவுடன் அவை கலைந்து போய்விடுவதில்லை. எலிகளில், கரைந்து வெளிவரும் கொழுப்பை வாரி எடுக்க முதலில் அவை இன்னும் பெருகி, பிறகே குறைகின்றன. எடை குறைந்த பின்னும் கொழுப்பணுக்களில் பழைய பருமனின் தடம் நீடிப்பதைச் சூரிச் ஆய்வாளர்கள் 2024-இல் மனிதர்களிடமும் கண்டனர். அத்தடத்தை அழிக்கும் பவுடர் எதுவும் கிடையாது.

அதற்காக, உங்கள் 4.1 கொழுப்பிலிருந்துதான் வந்தது என்றும் ஆகிவிடாது. சி.ஆர்.பி. கல்லீரலில் உண்டாவது; உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும், எங்கே என்பதை மட்டும் சொல்லாது. 3-க்கு மேற்பட்டால் இதயநோய் அபாயம் மிகுதி என்று கொள்வது, வேறு தொற்று இல்லாதவருக்கு மட்டுமே பொருந்தும். முந்தைய வாரம் சளிக் காய்ச்சல் வந்திருந்தாலும், ஈறு வீங்கியிருந்தாலும், பல் பிடுங்கியிருந்தாலும், காலில் ஆறாத புண் இருந்தாலும், தடுப்பூசி போட்டிருந்தாலும் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் பரவும் நம் பக்கத்தில் இது அரிதான விதிவிலக்கும் அன்று. இரத்தம் எடுத்தவர் இவற்றில் ஒன்றையேனும் கேட்டாரா? எழுபது சோதனைகளை ஒரே தொகுப்பாக விற்பவருக்குக் கேட்க நேரமில்லை. கண்காணிக்க வேண்டியவர்களுக்கோ அக்கறையில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்து விழுந்ததும், கமிஷன் வாங்கும் ‘ஆலோசகர்’ தொலைபேசியில் அழைத்துவிடுகிறார்.

இத்தகைய பவுடர்களிலும் மாத்திரைகளிலும் செறிவூட்டிய மஞ்சள் சத்தோடு மிளகுச் சத்தையும் சேர்ப்பதுண்டு. இக்கூட்டு சிலருக்குக் கல்லீரலையே தாக்கியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காய்ச்சலோ புண்ணோ இல்லாத நிலையில், இரண்டு வாரங்கள் கழித்து அச்சோதனையை மட்டும் தனியாகச் செய்துகொள்ளுங்கள். மீண்டும் 3-க்கு மேல் வந்தால், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் முடிவுகளுடன் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் வந்துவிட்டதா என்று அவரையே அளக்கச் சொல்லுங்கள். பவுடரை ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள் என்றால் நிறுத்திவிட்டு, டப்பாவையும் அவரிடம் கொண்டு செல்லுங்கள்.