மும்பைக்கு எம்ஜிபியா, டிசையரா?

தம்பி, செம்பூருக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, கோயம்புத்தூரில் விலைக்கு வந்திருக்கும் 1966 எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த காரை வாங்கி இங்கே கொண்டுவரலாமா, புது மாருதி டிசையர் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபத்தாறு வருடம் இந்த ஊரில் வண்டி ஓட்டியவன் சொல்கிறேன், டிசையரை எடுங்கள்.

எம்ஜிபி எனக்கு உயிர். தாதர் பார்சி காலனிப் பெரியவர் ஒருவரின் எம்ஜிபிக்கு எட்டு வருடம் ஞாயிறுதோறும் கூட நின்று வேலை பார்த்திருக்கிறேன். சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடிக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர் நிறைந்ததும் அடங்கிவிடும். அதிலுள்ள இரண்டு எஸ்யூ நிறுவனக் கார்ப்பரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்ப்பரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்பார் பெரியவர். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் திருகுவார். இரண்டின் சீறலும் ஒன்றானதும் கண்ணை மூடித் தலையசைப்பார். அதற்கு ஈடான காலைப்பொழுதை வேறெந்தக் காரும் எனக்குத் தந்ததில்லை.

அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எம்ஜிபி 3.9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, டிசையர் 3.995 மீட்டர். இரண்டும் 1000 கிலோவுக்குள். எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சின் 95 குதிரைத்திறன் தரும். டிசையரின் 1197 சிசி 80 சொச்சம்தான். ஆனால் அதே நீளத்துக்குள் டிசையரில் ஐந்து பேர், பெட்டி படுக்கை, ஆறு ஏர்பேக் அடங்கிவிடுகின்றன. எம்ஜிபியில் இரண்டு இருக்கைதான். பவர் ஸ்டீயரிங் கிடையாது. அந்த வருட மாடலில் முதல் கியருக்கு, ஓடும்போதே கியரை உரசாமல் விழவைக்கும் சிங்க்ரோமெஷும் இல்லை. வண்டி நின்றால்தான் அந்த கியர் சத்தமில்லாமல் விழும். சயான் நெரிசலில் இடது கால் என்னவாகும் என்று யோசியுங்கள். கார் அவ்வளவு தாழ்வு என்பதால், மும்பை நகரப் பஸ்ஸான பெஸ்ட்டின் சக்கரம் உங்கள் தோளுக்கு நேராக உருண்டு வரும்.

மழைதான் பெரிய விஷயம். ஒரு ஜூலை மாலை, பெரியவரின் எம்ஜிபியில் கூரைத்துணி கண்ணாடியைத் தொடும் விளிம்பிலிருந்து என் மடியில் தண்ணீர் கொட்டியது, பிறகு எஞ்சினும் நின்றது. முழங்கால் தண்ணீரில் தள்ளினோம். அதைவிடக் கவலை துரு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்ற இரும்புப் பகுதிதான் அந்த உடலைத் தாங்குகிறது. கடற்காற்று அங்கேதான் உள்ளிருந்து தின்னும். பார்க்கப் போனால் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் அந்த இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்குக் கீழே இருப்பது இரும்பல்ல, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி. இன்றைய பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனாலும் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும்.

சட்டமும் இருக்கிறது. 50 வருடம் கடந்த வண்டியை 2021 விதிப்படி வின்டேஜ் என்று பதிந்தால், கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். தினசரி ஆபீசுக்கு ஓட்ட முடியாது. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், கோவையில் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி மகாராஷ்டிரப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும்.

ஒரு மழைக்காலத்தை டிசையரில் கழியுங்கள். அக்டோபரிலும் மனம் எம்ஜிபியையே கேட்டால், முதலில் மூடிய கராஜ் ஒன்றைப் பிடியுங்கள். பெரியவர் போன பிறகு அந்த ரப்பர் குழாய் என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வருகிறேன்.