கொத்தடிமை மீட்பில் ஒரு சட்ட மாணவி

அன்புள்ள ஐயா,

வேலூரில் நான்காம் ஆண்டு சட்டம் படிக்கிறேன். ஆட்கடத்தல், கொத்தடிமை வழக்குகளைப் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனம் சட்ட மாணவர்களுக்கு ஆறு மாத ஃபெலோஷிப் தருகிறது. கூடப் படிப்பவர்கள் சென்னையில் சீனியர்களிடம் சேர்கிறார்கள். வக்கீலாகப் பதிவுகூடச் செய்யாத நான் அங்கே போய் என்ன செய்துவிட முடியும்?

— ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தயங்காமல் போங்கள். இந்த வழக்குகளில் பல, முதல் நாள் எழுதும் வாக்குமூலத்திலேயே தோற்றுவிடுகின்றன. அந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலை.

செங்கல் சூளையில் அட்வான்ஸ் கணவர் பெயரில் நோட்டில் ஏறும். மண் குழைப்பது, கல் அறுப்பது, திருப்பிப் போட்டுக் காயவைப்பது எல்லாம் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்துதான். கூலி மட்டும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே கணக்கு. விசாரணையில் கணவரை மட்டும் கேட்டு எழுதினால் மனைவிக்கு விடுதலைச் சான்றிதழ், அதாவது கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று அரசு தரும் தாள், கிடைக்காது. மீட்கப்பட்டவர்களுக்கான 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம் ரூபாய். தாளில் பெயர் இல்லையென்றால் அதுவும் போச்சு.

"யாரும் கட்டிப்போடவில்லையே, ஏன் ஓடவில்லை?" என்று அங்கேயே கேட்பார்கள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குச் சங்கிலி தேவையில்லை. வாங்கிய கடனுக்காக வேறு வேலைக்கோ வெளியூருக்கோ போக முடியாத நிலை இருந்தாலே போதும். அது கொத்தடிமைக் கடன் இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பை 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் தலையில் வைக்கிறது. ஆகவே கேள்விகளைச் சரியாகக் கேளுங்கள். ஊரில் சாவு விழுந்தபோது எல்லோரையும் அனுப்பினார்களா, பிள்ளையை நிறுத்திக்கொண்டார்களா? வாரச் செலவுக்கு என்ன கொடுத்தார்கள்? ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து திருவள்ளூர் சூளைக்கு வந்த ஒடியாக்காரர்கள் என்றால், மேஸ்திரியை மொழிபெயர்க்க விடவே விடாதீர்கள். அவர்தான் அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிவந்தவராக இருப்பார். இதற்கெல்லாம் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். கை நிறைய வழக்கு வைத்திருக்கும் வக்கீலுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

எனக்கு இருக்கும் ஒரே கவலை அந்த ஆறு மாதம்தான். வழக்கு அதற்குள் முடியாது. மீட்கப்பட்டவர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். நடுவில் சமரசம் பேச ஆள் வரும். பல சாட்சிகள் அங்கேதான் பிறழ்கிறார்கள். நீங்கள் கிளம்பியபின் அந்தக் குடும்பங்களை யார் பார்ப்பார்கள் என்று சேருமுன்பே கேட்டுவிடுங்கள். சட்ட மாணவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். ஆட்கடத்தலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அங்கே இலவச வக்கீல் உண்டு. ஐந்தாம் ஆண்டிலும் அந்த வழியாக அதே வழக்குகளோடு இருக்கப் பாருங்கள்.